38 செயற்கைக்கோள்களும் ஒரு சின்னப் புயலும்: ஏற்காட்டுப் பாதையில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஏற்காட்டுக்கு மாணவர்களை வேனில் கூட்டிப்போகும் ஒவ்வொரு முறையும் அடிவாரக் கடையில் இரண்டு பாக்கெட் சிப்ஸ் வாங்கிவிடுவேன். தின்பதற்காக இல்லை, கடைசியில் அதுவும் நடந்துவிடும் என்றாலும். 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டுவதற்குள் பாக்கெட் தலையணை மாதிரி உப்பிக்கொள்ளும். உள்ளே இருக்கும் காற்று அதேதான். வெளிக்காற்றுதான் மெலிந்துவிட்டது. கைபேசியில் அழுத்தமானி இருக்கும் பிள்ளைகள் வளைவுக்கு வளைவு எண்ணைக் குறித்துக்கொண்டே வருவார்கள். 278 மீட்டர் உயரத்தில் இருக்கும் சேலத்தில் 980 ஹெக்டோபாஸ்கல் அளவில் இருந்தது, 1515 மீட்டரில் இருக்கும் ஏற்காடு வரும்போது 850 பக்கம் வந்து நிற்கும். ஒன்றேகால் கிலோமீட்டர் ஏறியதற்கு 13 சதவீதம் போய்விட்டது.

அப்படி ஒரு மாலையில் லேடீஸ் சீட் என்ற மலைவிளிம்புப் பார்வைமுனையில் நின்று கீழே சேலத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வேன் ஓட்டி வந்தவர் பக்கத்தில் வந்து கேட்டார்: "ஏனுங்க சார், வரிசையா ரயில் பெட்டி மாதிரி வானத்துல போகுமே, அதுல ஒரு கூட்டமே புயல்ல விழுந்துடுச்சாமே? மேலதான் காத்தே கெடையாதுங்கறாங்க, அப்புறம் புயல் எங்கிருந்துங்க?"

இதைவிட நல்ல கேள்வியை என் வகுப்பில் யாரும் கேட்டதில்லை. அவர் சொன்னது 2022 பிப்ரவரியில் நடந்தது. அந்த நிகழ்வை முழுசாகப் பிரித்துப் பார்த்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என்ன நடந்தது

2022 பிப்ரவரி 3, நம் நேரப்படி இரவு 11.43. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள கென்னடி விண்வெளி மையத்திலிருந்து ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட், இணைய வசதி தரும் 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. ஏவுதலில் ஒரு குறையும் இல்லை. திட்டமிட்டபடியே எல்லாவற்றையும் முதல் பாதையில் இறக்கிவிட்டது. அந்தப் பாதை பூமியை நெருங்கி வரும் இடத்தில் தரையிலிருந்து வெறும் 210 கிலோமீட்டர்தான். அங்கிருந்து ஒவ்வொன்றும் தன் சின்ன மின்னுந்து எஞ்சினால் மெல்ல மெல்ல மேலே ஏறி, 500 கிலோமீட்டருக்கு மேல் உள்ள தன் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

அவ்வளவு தாழ்வாக இறக்குவதற்கு ஒரு நியாயம் உண்டு. முதல் சோதனையில் ஏதாவது ஒன்று செத்துக் கிடந்தால் காற்றே அதைச் சில நாட்களில் கீழே இழுத்து எரித்துவிடும், விண்வெளியில் குப்பை மிஞ்சாது. நல்ல யோசனைதான். உயிரோடு இருந்தவற்றையும் அதே காற்று இழுத்துக்கொண்டு போகும் என்பதுதான் அந்த வாரம் நடந்த கதை.

பிப்ரவரி 8 அன்று நிறுவனம் விவரத்தை வெளியிட்டது. முந்தைய ஏவல்களோடு ஒப்பிட்டால் காற்றின் இழுவிசை 50 சதவீதம் வரை கூடியிருந்தது, 40 வரை இழக்க நேரிடலாம் என்றார்கள். கடைசிக் கணக்கில் போனவை 38, தப்பியவை 11. அந்த அறிவிப்புக்கு முந்தைய நாளே போர்ட்டோ ரிக்கோவின் வானியல் ஆர்வலர்கள் வைத்திருந்த கேமராவில், அதிகாலை வானத்தில் அவற்றில் ஒன்று துண்டு துண்டாக எரிந்து போவது பதிவாகியிருந்தது.

சூரியனில் கிளம்பியது

ஏவிய நாளிலிருந்து ஐந்து நாள் பின்னால் போவோம். ஜனவரி 29 அன்று சூரியனில் நடுத்தர அளவில் ஒரு வெடிப்பு. அதோடு சேர்ந்து மின்துகள்களாலான பிளாஸ்மா மேகம் ஒன்று பிய்த்துக்கொண்டு நம் பக்கம் கிளம்பியது. இந்த மேகங்கள் தங்கள் காந்தப்புலத்தையும் தூக்கிக்கொண்டு வரும். அது தெற்கு நோக்கித் திரும்பியிருந்தால் பூமியின் காந்தப்புலத்தோடு பின்னிக்கொள்ளும், ஆற்றல் உள்ளே புகக் கதவு திறந்துவிடும். வடக்கு நோக்கியிருந்தால் பெரும்பாலும் உரசிவிட்டுப் போய்விடும்.

விளைவாக வந்த புவிகாந்தப் புயல், அதாவது பூமியின் காந்தப்புலமே ஆடிப்போகும் கலக்கம், ஒன்றல்ல, இரண்டு. முதலாவது பிப்ரவரி 3 நம் நேரப்படி மாலை வாக்கில் உச்சத்தைத் தொட்டது. அதாவது ராக்கெட் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே. இரண்டாவது பிப்ரவரி 4 நள்ளிரவு தாண்டி, செயற்கைக்கோள்கள் சுற்ற ஆரம்பித்து ஒரு நாளுக்குப் பிறகு. முதல் அடியில் சூடான காற்று முழுக்க ஆறுவதற்குள் இரண்டாவது அடி.

புயலின் பலத்தைப் பாருங்கள். உலகம் முழுக்கக் காந்த ஊசி எவ்வளவு தாழ்ந்தது என்று காட்டும் டி.எஸ்.டி. குறியீடு சுமார் −65 நானோடெஸ்லா வரை போனது. இதெல்லாம் வருடத்தில் பல தடவை வந்து போகும் ரகம். ஐந்து படி கொண்ட எச்சரிக்கை அளவில் ஜி1, ஆகக் கீழ்ப்படி. மழைக்காலத்தில் வானிலை அறிக்கை 'ஓரிரு இடங்களில் லேசான மழை' என்று சொன்னால் நாம் குடையைக்கூட எடுப்பதில்லை. அந்த மாதிரி ஒரு நாள் இது.

துருவத்தில் வைத்த அடுப்பு

சூரியனிலிருந்து வந்த ஆற்றல் நேரே நம் தலைக்கு மேல் கொட்டாது. பூமியின் காந்தக் கோடுகள் அதைத் துருவங்களுக்கு அருகே, துருவ ஒளி தெரியும் வளையங்களில் கொண்டுபோய் இறக்கும். 100 கிலோமீட்டருக்கு மேலே உள்ள மெல்லிய காற்றில் அங்கே மின்னோட்டம் பாயும். இஸ்திரிப்பெட்டியின் கம்பி சூடாவது போல அந்தக் காற்றும் சூடாகும். இதுதான் ஜூல் வெப்பம். மின்துகள்கள் வந்து மோதுவதாலும் கொஞ்சம் சூடு சேரும், ஆனால் பெரும்புயலில் பெரிய பங்கு முதலாவதற்குத்தான்.

சூடான காற்று விரியும். பக்கவாட்டில் இடமில்லாததால் மேலே எழும்பும். பொங்கல் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். ஊற்றிய பால் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் பானை விளிம்புக்கு மேலே விரலை நீட்டி வைத்திருந்தால், சற்று முன்வரை ஆவி மட்டும் பட்ட விரலில் இப்போது பாலே படுகிறது. செயற்கைக்கோள் அந்த விரல். அது இருக்கும் உயரம் மாறவில்லை. கீழே இருந்த அடர்த்தியான காற்று அந்த உயரத்துக்கு வந்துவிட்டது.

துருவத்தில் பொங்குவது அங்கேயே நிற்பதும் இல்லை. வினாடிக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில் அலையாக நிலநடுக்கோட்டை நோக்கி ஓடி வரும். மூன்று நான்கு மணி நேரத்தில் நம் தலைக்கு மேல். காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கத்தில் போகிறது, அதனால்தான் அங்கே இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. சேலம் அதிலிருந்து வெகு தூரம் இல்லை. துருவ ஒளிக்கும் சேலத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லைதான். ஆனால் அந்த ஒளியைக் கிளப்பிய சூடு சேர்வராயன் மலைக்கு மேலே 200, 400 கிலோமீட்டரில் வந்து சேர்கிறது. ஒரு இலைகூட அசையாது. கைபேசி அழுத்தமானிக்கு ஒன்றும் தெரியாது.

மேலே உண்மையில் எவ்வளவு காற்று?

ஓட்டுநரின் சந்தேகத்துக்கு வருவோம். ஏற்காட்டில் ஒரு கன கிலோமீட்டர் காற்றை, அதாவது நீளம் அகலம் உயரம் மூன்றும் ஒரு கிலோமீட்டர் உள்ள பெட்டியில் அடைத்து, தராசில் வைத்தால் ஏறக்குறைய 10 லட்சம் டன் இருக்கும். 210 கிலோமீட்டர் உயரத்தில் அதே பெட்டியில் இருப்பது கால் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. 400 கிலோமீட்டரில் சில கிராம். கடைவீதியில் கிராம்பு ஏலக்காய் நிறுக்கும் கணக்கு. காற்றே கிடையாது என்று சொல்பவர்கள் பெரிதாகத் தப்பு சொல்லவில்லை.

வேகத்தை மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அந்த உயரத்தில் செயற்கைக்கோள் வினாடிக்கு 7.8 கிலோமீட்டர் ஓடுகிறது. இழுவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். கணக்குப் போட்டால், 210 கிலோமீட்டரில் காற்றை எதிர்க்கும் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஒன்றரை கிராம் எடை அளவுக்கு விசை பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். இரண்டு கிஸ்மிஸ் பழத்தின் கனம். சிரிப்பு வரும். ஆனால் அந்த மின்னுந்து எஞ்சின்கள் தரும் உந்துதலும் சில கிராம் கணக்குத்தான். சண்டை சம எடைக்காரர்களுக்குள்.

பாக்கெட் உப்பிய அதே விதி மேலேயும் செல்லும். காற்று தன் அளவில் 37 சதவீதமாகக் குறைய எவ்வளவு உயரம் ஏற வேண்டுமோ அதை வகுப்பில் ஸ்கேல் ஹைட் என்போம். சேலம்–ஏற்காடு எண்களை வைத்துப் போட்டால் 8.7 கிலோமீட்டர் வரும். மேலே தெர்மோஸ்பியர் என்ற உயர் காற்றடுக்கில் வெப்பம் 1000 கெல்வின் வாக்கில் இருக்கிறது, காற்றும் பெரும்பாலும் தனித்தனி ஆக்சிஜன் அணுக்கள். அங்கே அதே அளவு 60 கிலோமீட்டர். வெப்பம் 20 சதவீதம் ஏறியது என்று வைத்தால் 72 ஆகிவிடும். 120 கிலோமீட்டரிலிருந்து 400 வரை இடையில் 280 கிலோமீட்டர். முன்பு அது 4.7 படி, இப்போது 3.9 படி. அந்த 0.8 படி வித்தியாசத்துக்கு அடர்த்தி இரண்டு மடங்குக்கும் சற்று மேலே போய்விடுகிறது. கரும்பலகைக் கணக்குதான் இது. உண்மையில் வெப்பம் எல்லா உயரத்திலும் ஒரே மாதிரி இருக்காது. ஆனாலும் முக்கியமான ஒன்றைக் காட்டிவிடுகிறது. மேலே போகப் போக இடையில் உள்ள படிகள் கூடுவதால், அதே சூட்டுக்கு உயரத்தில் இருப்பவன் சதவீதக் கணக்கில் அதிகம் பார்க்கிறான். அமெரிக்க விண்வெளி வானிலை மையத்தினர் இந்த நிகழ்வைக் கணினி மாதிரியில் ஓட்டிப் பார்த்தபோது, 200 முதல் 400 கிலோமீட்டர் வரை 50-இலிருந்து 125 சதவீதம் உயர்வு வந்தது.

அப்படியானால் உயரத்தில் இருந்தவை அல்லவா விழுந்திருக்க வேண்டும்? மாணவர்கள் இங்கே ஒருமுறை தடுக்கி விழுவார்கள். 400 கிலோமீட்டரில் 4 கிராம் 9 கிராம் ஆனால் யாருக்கும் வலிக்காது. 210-இல் 200 கிராம் 300 கிராம் ஆவது வேறு. சதவீதம் குறைவு, சுமை அதிகம்.

பொறி

இப்போது நிகழ்வின் முக்கிய முடிச்சு. ஸ்டார்லிங்க் உடம்பு தட்டையானது, அதோடு ஒரே ஒரு நீளமான சூரியத் தகடு. இழுவிசை கூடுவதைக் கண்டதும் கட்டுப்பாட்டு அறையினர் எல்லாவற்றையும் பாதுகாப்பு நிலைக்கு மாற்றினார்கள். காகிதத்தைக் காற்றில் விளிம்பாகப் பிடிப்பது போல, ஒல்லியான பக்கத்தைக் காற்றுக்குக் காட்டிப் பறக்கவிட்டார்கள். புயலில் குடையை மடக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்குவது மாதிரி. அந்த நேரத்துக்குச் சரியான முடிவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஒதுங்கியே நின்றால் ஏற முடியாது. ஏற எஞ்சினை ஓட்ட வேண்டும். எஞ்சினுக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்குத் தகட்டைச் சூரியனுக்கு விரிக்க வேண்டும். விரித்தால் காற்றுக்கு எதிராக நிற்கும் பரப்பு பல மடங்காகிவிடும், எஞ்சின் தள்ளுவதைவிடக் காற்று அதிகமாகப் பிடிக்கும். மடக்கி வைத்திருந்தாலோ ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும். இறங்க இறங்கக் காற்று இன்னும் கெட்டியாகும். காத்திருந்தாலும் நஷ்டம், கிளம்பினாலும் நஷ்டம். 38 செயற்கைக்கோள்களால் அந்தப் பாதுகாப்பு நிலையிலிருந்து வெளியே வரவே முடியவில்லை.

சூரியப் புயல் மின்னணுச் சில்லுகளைப் பொசுக்கிவிட்டது என்று அப்போது சில செய்திகளில் படித்த நினைவு. அப்படி எதுவும் இல்லை. கடைசிவரை அவை நல்ல உடம்போடுதான் இருந்தன.

தடுத்தால் வேகம் கூடுமா?

இங்கே ஒரு சின்ன விலகல். காற்று பிடித்து இழுத்தால் செயற்கைக்கோள் மெதுவாக வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். நடப்பது நேர் எதிர்: அது வேகமாகிறது. காசுக் கணக்கில் சொன்னால் எளிது. காற்று ஒரு ரூபாய் பிடுங்குகிறது. அதற்காகச் செயற்கைக்கோள் தன் உயரத்தில் இரண்டு ரூபாயை விற்கிறது. ஒரு ரூபாய் காற்றுக்குச் சூடாகப் போக, மீதி ஒரு ரூபாய் வேகமாகக் கைக்கு வருகிறது. தாழ்ந்த பாதையில் வேகமும் அதிகம், சுற்றும் தூரமும் குறைவு.

இதனால்தான் புயலுக்குப் பிறகு செயற்கைக்கோள்கள் சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்து நிற்கும். 420 கிலோமீட்டரில் சுற்றும் ஒன்று, எதிர்பார்த்ததற்கு மேல் 300 மீட்டர் இறங்கிவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முந்தும். நாளுக்குப் பதினைந்தரைச் சுற்று, ஏறக்குறைய 6 வினாடி. அந்த 6 வினாடிக்குள் அது 45 கிலோமீட்டர் ஓடியிருக்கும். இருக்கும் இடம் தெரியாமல் இரண்டு செயற்கைக்கோள்கள் மோதுமா மோதாதா என்று யாரால் சொல்ல முடியும்? 1989 மார்ச் புயலில், கனடாவின் கியூபெக் மாகாணம் முழுக்க இருட்டில் மூழ்கிய அந்த நேரத்தில், விண்பொருட்களைக் கண்காணித்தவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைத் தற்காலிகமாகத் தொலைத்துவிட்டு மறுபடி தேட வேண்டியிருந்தது.

பெரிய புயல் வந்தபோது

2022-ஐத் தனியாகப் பார்த்தால் ஒரு தப்பான முடிவுக்கு வந்துவிடுவோம்: ஜி1-க்கே 38 என்றால் ஜி5-க்கு எல்லாமே விழும் என்று. 2024 மே 10 அன்று ஜி5 வந்தே விட்டது. 2003 அக்டோபருக்குப் பிறகு முதல் தடவை. டி.எஸ்.டி. −400-ஐத் தாண்டியது. அதற்குச் சில நாள் முன்பு மறைந்த விண்வெளி வானிலை ஆய்வாளர் ஜெனிஃபர் கேனன் நினைவாக, அதைக் கேனன் புயல் என்கிறார்கள். நம் நேரப்படி இரவு பத்தரைக்கு மேல் தொடங்கியது. லடாக்கின் ஹான்லேவில் வானம் சிவந்தது. அந்தப் படம் வந்த அரை நாளில், லேடீஸ் சீட்டில் நின்றால் தெரியுமா என்று எனக்குப் பத்துப் பேராவது போன் செய்திருப்பார்கள். தெரியாதுங்க என்று சொல்லி ஓய்ந்தேன்.

விழுந்தவை? 2022 போலக் கூட்டமாக ஒன்றும் விழவில்லை. இறங்கியவை ஏராளம். இஸ்ரோ தன் செயற்கைக்கோள்களின் கணக்கை வெளியிட்டது. சுமார் 430 கிலோமீட்டரில் இருந்த இ.ஓ.எஸ்-07 வழக்கமாக நாளுக்கு 300 மீட்டர் இறங்கும், மே 11 அன்று 600 மீட்டர் இறங்கியது. அதைவிட உயரத்தில் இருந்த கார்ட்டோசாட்-2எஃப், நாளுக்கு 35, 40 மீட்டர் இறங்குவது, அன்று 180 மீட்டர். மேலே சொன்ன கரும்பலகைக் கணக்கை மறுபடி பாருங்கள். உயரத்தில் இருந்தது நாலைந்து மடங்கு, தாழ்வில் இருந்தது இரண்டு மடங்கு. ஆனால் மீட்டர் கணக்கில் தாழ்வில் இருந்ததற்குத்தான் அதிக இழப்பு. இந்த இரண்டு வரியைத்தான் இப்போது தேர்வில் கேள்வியாக வைத்திருக்கிறேன்.

ஆக, 2022-இல் புயல் சின்னது, உயரமும் சின்னது. 2024-இல் புயல் ராட்சசன், ஆனால் பெரும்பாலான செயற்கைக்கோள்கள் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தன. முதல் நிகழ்வில் குற்றவாளி யார் என்று என்னைக் கேட்டால், சூரியனைவிட 210 என்ற எண்ணைத்தான் காட்டுவேன். ஸ்பேஸ்எக்ஸும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அதே மாதம் அடுத்த ஏவலில் 300 கிலோமீட்டருக்கு மேலே கொண்டுபோய் இறக்கினார்கள்.

எச்சரிக்கை அளவு மேல் எனக்கு ஒரு குறை உண்டு. ஜி1 முதல் ஜி5 வரை உள்ள படிகள் தரையில் காந்த ஊசி ஆடுவதை வைத்து அமைந்தவை. மின்கட்டமைப்புக்கும் வானொலிக்கும் அது சரி. மேலே காற்று எவ்வளவு கெட்டியாகிறது என்பது இன்னும் பலவற்றைச் சார்ந்தது: புயலுக்கு முன்பே சூரியனின் புறஊதாக் கதிர் காற்றை எவ்வளவு சூடாக்கி வைத்திருந்தது, சூடு எத்தனை மணி நேரம் விடாமல் இறங்கியது, முந்தைய புயல் ஆறிவிட்டதா. அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் 1979 ஜூலையில் எதிர்பார்த்ததற்கு முன்பே ஆஸ்திரேலியாவில் விழுந்ததற்குக் காரணம் தனியொரு புயல்கூட இல்லை, கணித்ததைவிடச் சூரியன் சுறுசுறுப்பாக இருந்ததுதான். தலையில் விழுமோ என்று நம் ஊரிலும் அப்போது வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உண்டு.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் பானை உவமை பாதியில் நின்றுவிடும். பொங்கி வரும் பாலில் தண்ணீர் தெளித்தால் சட்டென்று அடங்கும் அல்லவா? புயலின் சூட்டில் நைட்ரிக் ஆக்சைடு அதிகமாக உருவாகிறது. அது அகச்சிவப்புக் கதிராகச் சூட்டை வெளியே தள்ளிவிடும். புயல் முடிந்து ஒரு நாள், ஒன்றரை நாளில் காற்று தணிகிறது. சில சமயம் புயலுக்கு முன் இருந்ததைவிடவும் கீழே போய்விடும். புயல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு தண்ணீர் தெளிக்கப்படும். பெரிய புயல் என்றால் நீண்ட நாள் தொல்லை என்று சொல்லிவிட முடியாததற்கு இது ஒரு காரணம்.

இதையெல்லாம் அன்றைக்கு லேடீஸ் சீட்டில் ஓட்டுநரிடம் அரை மணி நேரம் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அந்தப் பதினொண்ணு மட்டும் எப்படிங்க ஏறுச்சு?" என்றார். ஒரே ராக்கெட், ஒரே பாதை, ஒரே காற்று. எது எப்போது தகட்டை விரித்தது, எது எத்தனை சுற்று காத்திருந்தது என்ற விவரம் என் கையில் இல்லை. "அதைத்தாங்க நானும் தேடிட்டு இருக்கேன்" என்றேன்.

இப்போது மலைக்குப் போகும் நாளில் எங்களுக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. கிளம்பும் முன் ஒரு மாணவர், காந்தப்புலம் எவ்வளவு ஆடுகிறது என்று காட்டும் கே.பி. குறியீட்டைப் பார்க்க வேண்டும். 5-ஐத் தொட்டிருந்தால், அதாவது ஜி1 வந்திருந்தால், செயற்கைக்கோள் எத்தனை மணிக்குத் தெரியும் என்று கணக்கிட அன்றைய சுற்றுப்பாதைத் தரவைத்தான் எடுக்க வேண்டும். தொடாவிட்டால் இரண்டு மூன்று நாள் பழசானாலும் பரவாயில்லை. மேலே போனதும் மூடுபனி இறங்கிவிட்டால் இரண்டுமே வேண்டாம், உப்பின சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துவிட்டுச் சூடாக மிளகாய் பஜ்ஜியும் சாப்பிட்டுக் கீழே இறங்க வேண்டியதுதான்.